பரண் வாழ்விடமான வரலாறு

பரண் என்னும் சொல் தமிழில் இரண்டு இடங்களைக் குறிக்கும். தினைப்புனத்தில் கிளி கடியும் குறிஞ்சி மகளிர் ஏறியமர்ந்த உயர்ந்த மேடை ஒன்று. வீட்டினுள் கூரைக்குக் கீழே விறகும் விதையும் பழம்பானையும் ஏற்றிவைக்கும் தட்டு மற்றொன்று. முன்னதை இதணம் என்றும் கழுது என்றும் சங்கப் புலவர் வழங்கினர். மலைச்சாரலில் மனிதர் ஏறிய பரண், வீட்டினுள் வந்ததும் பொருளுக்கு உரியதாயிற்று. அப்பரணை மீண்டும் மனிதர் வாழும் இடமாக்க முனைந்தவர் அனைவரும் ஒரே கேள்வியை எதிர்கொண்டனர்: கூரை அதற்கு இசையுமா? இக்கேள்விக்கு மலைநாட்டுக் கட்டடங்கள் கூறிய விடைகளை வரிசைப்படுத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

போடிநாயக்கனூர் ஏலமலையின் கிழக்கடிவாரத்தில் அமைந்த ஊர். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையின் பெரும்பகுதியை மலைக்கு மேற்கே பொழிந்துவிட்டு, எஞ்சிய சாரலையே இவ்வூருக்கு அனுப்புகிறது. ஆதலின் சமவெளியில், மரவிட்டங்களின்மீது செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய தட்டையான மெத்தை வீடு பொருந்தி நின்றது. அவ்வீட்டின் மேற்புறமே களமாகவும் முற்றமாகவும் பயன்பட்டது. பரணை நாடவேண்டிய தேவை மிகுதியாக எழவில்லை. போடிமெட்டை நோக்கிப் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறியபின் நிலை வேறு. அங்கு மழையை நிற்கவிடாமல் வடித்துவிடும் சாய்கூரையே வீட்டைக் காக்கும். கூரை சாய்ந்தவுடன் அதனடியில் முக்கோண வெளி ஒன்று தானே பிறக்கிறது. அவ்வெளியே பரண்.

அம்முக்கோணத்தின் இயல்பைத் தச்சர் நன்கறிவர். முகட்டில் ஒன்றையொன்று சாய்ந்து நிற்கும் இரு கைமரங்கள், முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கும் இரு மனிதரை ஒப்பன. சுமை ஏற ஏற அவற்றின் கால்கள் வெளிப்புறமாக நழுவ முயலும். ஓட்டின் எடை கீழ்நோக்கி மட்டும் இறங்குவதில்லை; சுவரின் தலையைப் புறந்தள்ளவும் செய்கிறது. அத்தள்ளலைத் தடுப்பது, ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை குறுக்கே கிடக்கும் விட்டம். அது கைமரங்களின் கால்களைப் பிணைத்து வைக்கும் கயிறு போன்றது. அகன்ற கூரையாயின் விட்டத்தின் நடுவே குத்துக்கால் எழுந்து முகட்டைச் சேரும். பரணை அறையாக்க விரும்புவோர்க்கு இடையூறாகத் தோன்றுவன இவ்விரண்டுமே. விட்டம் காலை இடறும் அல்லது தலையைத் தட்டும். குத்துக்கால் அறையின் நடுவை அடைத்து நிற்கும். அவற்றை அறுத்தெடுத்தால் இடம் அகலும் என்ற எண்ணம் எவர்க்கும் எளிதில் தோன்றும். அறுத்தவுடன் கூரை விழுந்துவிடுவதில்லை. முகடு சிறிது சிறிதாகத் தாழும்; சுவர் சிறிது சிறிதாகச் சாயும்; ஓடுகளிடையே பிளவு கண்டு மழை உள்ளே புகும். சில ஆண்டுகள் கழித்துத் தோன்றும் இக்கேட்டுக்கு, அறுத்த நாளே காரணம் என்பதைப் பலர் உணர்வதில்லை.

மரக்கூரையை அழியாமல் ஆளும் கலைக்குத் தமிழகத்து மண்ணிலேயே சிறந்த சான்று உண்டு. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையில், மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில், 1750ஆம் ஆண்டளவில் எழுந்த உப்பரிகை மாளிகை நான்கு தளங்கள் கொண்டது. கூரைக்கு அடுத்த மேல்தளம் வேண்டாத பொருள்களின் கிடங்காக விடப்படவில்லை. சுவரோவியங்களோடு இறைவனுக்கென ஒதுக்கப்பட்டது. அம்மரபின் தச்சர், கைமரங்களைத் துளைத்து ஊடே சட்டங்களைச் செலுத்தி, அனைத்தையும் ஒரே உடலாகப் பிணைத்தனர். காற்றுக்கும் ஒளிக்கும் கூரையின் சரிவை வெட்டாமல், முகட்டின் இரு கோடியிலும் உள்ள முக்கோண முகப்பைத் திறந்தனர். கைமரம் எதுவும் அறுபடாமல் அறை ஒளிபெற்றது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபின்னும் அவ்வரண்மனை கேரள அரசின் பராமரிப்பிலேயே இருந்து வருகிறது. எல்லை மாறியும் கூரையின் இலக்கணம் இரு மாநிலத்துக்கும் பொதுவாக நிற்கிறது.

1865ஆம் ஆண்டு பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவியதன்பின், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் சீமை ஓடு மேற்குக் கரையெங்கும் பரவியது. மலைத்தோட்டங்களிலோ ஓட்டோடு தகரமும் கூரையாயிற்று. அங்கே கூரைக்கு மற்றொரு கடமையும் சேர்ந்தது. பறித்த ஏலக்காயில் எடையின் பெரும்பகுதி ஈரமே. அதை ஏறத்தாழ ஒரு நாள் முழுதும் இளஞ்சூட்டில் உலர்த்தினால்தான் காய் பசுமை மாறாமல் விலைபெறும். இதற்கெனத் தோட்டத்தார் எழுப்பிய ஸ்டோர்களில், வெளியே உள்ள அடுப்பின் வெப்பம் இரும்புக்குழாய் வழியே அறையைச் சுற்றிவர, அடுக்கடுக்கான தட்டுகளில் காய் உலர்ந்தது. ஈரக்காற்று மேலே வெளியேற வழிவிடப்பட்டது. போடியில் ஏலத்துக்கு வந்து குவியும் காய், மலைமேல் ஒரு கூரையின் அடியில் ஓர் இரவேனும் தங்கி வந்ததே.

ஏலத்தைப் போலவே தேயிலையும் போடிச் சாரலின் வழியே இறங்கியது. 1902இல் அமைந்து, 1908இல் குறும்பாதைத் தொடர்வண்டியாக மாறிய குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை, மூணாற்றுத் தேயிலையை டாப் ஸ்டேஷனில் சேர்த்தது. அங்கிருந்து கம்பிவடம் பெட்டிகளைக் கோட்டகுடிக்கு இறக்கியது. பின்னர் அவை போடிவழியே சமவெளி சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்தது. மதுரையிலிருந்து போடிக்குத் தொடர்வண்டி வந்ததோ 1928இல்தான். அப்பெட்டிகளில் இருந்த இலை, பெட்டியில் அடைபடுமுன் தொழிற்சாலையின் மேல்தளங்களில் வாடவைக்கப்பட்டதாகும். பச்சை இலையை மெல்லப் பரப்பி, பல மணிநேரம் காற்றோட்டத்தில் விடுவதற்கென்றே, பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் சன்னல்கள் நிறைந்த நீண்ட மேல்தளங்களைக் கொண்டிருந்தன. இலைக்காகக் கட்டிய பரண் என்றே அவற்றைக் கூறலாம்.

அத்தகைய பரண் மனிதர் உறையும் இடமாகிய புகழ்பெற்ற நிகழ்ச்சி, இதே தேயிலை வரலாற்றின் மறுகரையான இலங்கை மலையகத்தில் நடந்தது. நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில், ஏறத்தாழ 6,800 அடி உயரத்தில், ஹெதர்செட் தோட்டத் தொழிற்சாலை இயக்கம் நின்று வெறுமையாய்க் கிடந்தது. அதனை எய்ட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் விடுதியாக மாற்றி 1996இல் திறந்தது. இலை வாடிய மேல்தளங்கள் விருந்தினர் துயிலும் அறைகளாயின. கட்டடத்தின் வெளித்தோற்றம் மாறவில்லை; பழைய இயந்திரங்களும் பெருவிசிறிகளும் இருந்த இடத்திலேயே காட்சிப்பொருளாயின. வரிசையான சன்னல்கள் முன்பே இருந்தமையால் ஒளிக்காகக் கூரையைக் கிழிக்கவேண்டிய தேவை எழவில்லை. பழைய கட்டடத்தின் ஒழுங்குக்குப் புதிய வாழ்க்கை தன்னைப் பொருத்திக்கொண்டது. வாழ்க்கைக்காகக் கட்டடம் எலும்பொடிக்கப்படவில்லை.

ஆயினும் அவ்வெற்றியின் அருகே வேறொரு கூரையையும் நினைவுகூர்தல் நேர்மையாகும். அத்தளங்களுக்கு இலை கொய்து சுமந்து வந்தவர்கள், தமிழகத்தின் மதுரை, இராமநாதபுரம், திருச்சி முதலிய பகுதிகளிலிருந்து சென்ற குடும்பங்களின் வழிவந்தோர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒற்றை லயக்காம்பராவில் தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. இலைக்கு நாற்புறமும் சன்னல் வைத்த தோட்டத்துரைகள், இலை பறித்தவர்க்குக் காற்றை அளந்தே கொடுத்தனர். காம்பராவின் மேலிருந்த வெளி விறகுக்கும் அடுப்புப் புகைக்குமே உரியதாயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல இலட்சம் பேரைக் கடல்கடக்கச் செய்தது. தளம் வலுவாக இருந்தால் பரண் அறையாகிவிடும். அவ்வறை யாருக்கு உரியது என்பதைத் தச்சர் தீர்மானிப்பதில்லை.

மேலைநாட்டு வரலாறும் இதையே கூறுகிறது. பிரான்சில் பிரான்சுவா மான்சார் (1598–1666) பரவலாக்கிய இருமடிக் கூரை, கீழ்ச்சரிவை ஏறக்குறையச் செங்குத்தாக நிறுத்தித் தலைநிமிர இடம் தந்தது. ஆயினும் நகரங்களின் மேல்மாடத்து அறைகள் நெடுங்காலம் பணியாளர்க்கும் வறியவர்க்குமே கிட்டின. 1839இல் ஜெர்மானிய ஓவியர் கார்ல் ஷ்பிட்ஸ்வேக் தீட்டிய ‘ஏழைக் கவிஞன்’ என்னும் ஓவியத்தில், சாய்கூரையின் கீழ்ப் படுக்கையில் சாய்ந்திருக்கும் கவிஞனின் தலைக்குமேல், ஒழுகலைத் தடுக்க விரித்த குடையொன்று தொங்குகிறது. கவிதைக்கும் பரணுக்கும் உள்ள உறவை அதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. அக்கவிஞனுக்குத் தேவைப்பட்டது ஓர் ஓடு மாற்றும் கொத்தனாரே.

சாரலில் எஞ்சியுள்ள ஓட்டு வீடுகளை இடித்துவிட்டுத் தளம் போடும் காலம் இது. இடிப்பதற்கு முன் பரணை அண்ணாந்து நோக்குதல் நன்று; பல வீடுகளில் வேண்டிய அறை அங்கேயே காத்திருக்கக்கூடும். அதற்கு முன்னோர் கட்டடங்கள் உணர்த்தும் நெறிகள் சிலவே. விட்டத்தையும் குத்துக்காலையும் தீண்டலாகாது. அவற்றைச் சுற்றியே அறையை வகுத்தல் வேண்டும். பழைய மச்சுப்பலகை பொருளைத் தாங்கியது என்பதால் மனிதரையும் தாங்கும் எனக் கொள்ளலாகாது. 1987ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி, குடியிருப்புத் தளம் சதுரமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ சுமையைத் தாங்கவேண்டும் என்கிறது. ஆதலின் புதிய தளத்துக்கு, சுவரிலிருந்து சுவருக்கு ஓடும் தனி உத்தரங்கள் வேண்டும். கைமரத்திலிருந்து தளத்தைத் தொங்கவிடுதல் தவறு. ஒளியைக் கோடிச்சுவரின் முகப்பில் தேடுதல் நன்று. ஓட்டுக்கும் அதனடியில் அடிக்கும் பலகைக்கும் இடையே காற்று உலவ இடம் விடாவிடின், கோடையில் அறை அடுப்பாகும்; மழையில் மரம் உளுக்கும். ஓட்டை நீக்கித் தகரம் வேய்வோர், கூரையைக் காற்றுக்கு எதிராக அழுத்தி வைத்திருந்தது அந்த ஓட்டின் எடையே என்பதை மறவாமல், தகரத்தை நன்கு பிணைத்தல் வேண்டும்.

இவ்வாறு அமைந்த அறையில் குறுக்கே கிடக்கும் விட்டத்தின்கீழ்ச் சற்றுக் குனிந்தே செல்லவேண்டியிருக்கும். குனிவது குறையன்று. வீட்டைத் தாங்கும் மரம் எது என்பதை ஒவ்வொரு நாளும் அறிந்து வாழ்வதற்கு அதனினும் எளிய வழி இல்லை.