நடு ஐரோப்பிய நகரங்களில் கிறிஸ்து பிறப்பு விழாப்பயணம்: காலம், இடம், குழு

1. பொருளும் எல்லையும்

ஒரு விழாவைத் தன் ஊரில் அல்லாமல், அவ்விழாவுக்குரிய பிற ஊர்களின் வழியே சென்றபடி கொண்டாடுவதை இக்கட்டுரையில் ‘விழாப்பயணம்’ என்கிறோம். விழாவைக் காணச் செல்வது வேறு, கொண்டாடச் செல்வது வேறு. காண்பவர்க்குக் கண் போதும். கொண்டாடுபவர்க்கோ கூடி உண்ண ஓரிடமும் உடன் உண்ணச் சிலரும் வேண்டும். இவ்வேறுபாட்டின் மேல்தான் பின்வரும் பகுப்புகள் அமைகின்றன.

ஆய்வுக்குரிய விழா கிறிஸ்து பிறப்பு. நகரங்கள் நான்கு: ஜெர்மனியின் டிரெஸ்டன், செக் நாட்டின் பிராக், போலந்தின் கிராகோவ், ஆஸ்திரியாவின் வியன்னா. சனவரி 7 அன்று விழா எடுக்கும் கீழைத் திருச்சபைகளின் மரபை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

2. காலப் பகுப்பு

விழாக்காலம் மூன்று கூறுகளை உடையது.

முதற்கூறு திருவருகைக் காலம். விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய காத்திருப்பின் காலம் இது. இடைக்காலத்தில் இது நோன்புக்காலமாகவும் இருந்தது. வெண்ணெய்க்குக்கூடத் தடை இருந்ததால், டிரெஸ்டனின் ‘ஷ்டோலன்’ என்னும் விழாக்கால ரொட்டியை எண்ணெய் சேர்த்தே சுட்டனர். 1491இல் திருத்தந்தை எட்டாம் இன்னசென்ட் இசைவு தந்த பிறகே அதில் வெண்ணெய் புகுந்தது.

இரண்டாம் கூறு திருவிழிப்பு நாள், அதாவது டிசம்பர் 24. நடு ஐரோப்பாவில் விழாவின் உச்சம் இந்நாளின் மாலையே, 25ஆம் நாள் அல்ல. பரிசுகளைப் பிரிப்பதும் குடும்ப விருந்தும் அம்மாலையில்தான். அந்நாட்களில் மாலை நான்கு மணி அளவிலேயே இருட்டிவிடுவதால் விருந்தும் முன்னதாகவே தொடங்குகிறது.

மூன்றாம் கூறு, பிறப்பு நாள் தொடங்கித் திருக்காட்சிப் பெருவிழாவான சனவரி 6 வரை நீள்வது. 25, 26 ஆகிய இரு நாட்களும் இந்நான்கு நாடுகளிலும் பொது விடுமுறை. புத்தாண்டு நள்ளிரவில் வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்துப் ‘பும்மரின்’ பெருமணி ஒலிக்க, வீதியில் மக்கள் வால்ட்ஸ் நடனம் ஆடுவர்.

3. இடப் பகுப்பு

விழா நிகழும் இடங்களும் மூன்று: மன்றவெளி, வழிபாட்டுவெளி, மனைவெளி.

நகரச் சதுக்கமும் அதில் கூடும் சந்தையும் மன்றவெளி. இங்கு யாரும் அயலார் அல்லர். பட்டையும் கிராம்பும் ஆரஞ்சுத் தோலும் இட்டுச் சூடாக்கிய சிவப்பு மது இதன் பொதுப்பானம். பீங்கான் குவளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, குவளை திரும்பியதும் பணத்தைத் திருப்பித் தருவார்கள்.

பேராலயமும் ஆலயங்களும் வழிபாட்டுவெளி. அமைதி காப்பவர் எவரும் நுழையலாம். செக் ஆலயங்களில் யாகுப் யான் ரிபா 1796இல் இயற்றிய திருப்பலி இசையை இன்றும் இவ்விழாவில் பாடுகின்றனர். போலந்தின் நள்ளிரவுத் திருப்பலிக்குப் ‘பஸ்தெர்கா’ என்று பெயர்.

மனைவெளி என்பது குடும்பத்தின் மேசை. அழைப்பின்றி நுழைய முடியாத இடம் இது ஒன்றே. கிராகோவில் 24 மாலை முதல் விண்மீன் தோன்றியதும் ‘விகிலியா’ விருந்து தொடங்கும். மேசைவிரிப்பின் கீழே சிறிது வைக்கோல் பரப்பியிருக்கும். உணவுக்கு முன் ‘ஓப்வாதெக்’ என்னும் மெல்லிய அப்பத்தை ஒவ்வொருவரும் கையில் ஏந்தி, ஒருவர் அப்பத்திலிருந்து மற்றவர் ஒரு துணுக்கு விண்டு எடுத்து, நேருக்கு நேர் நின்று வாழ்த்துக் கூறுவர். பிறகு பன்னிரண்டு வகை உணவு வரும்; அவற்றில் இறைச்சி இராது, மீன் உண்டு. எதிர்பாராத விருந்தினர்க்கென ஒரு தட்டு வெறுமையாக வைக்கப்படும். அத்தட்டு ஒரு மரபின் அடையாளம். பயணி தனக்கான அழைப்பாக அதனைக் கணக்கில் கொள்ளலாகாது.

4. காரணம்

மன்றவெளி ஏன் திருவிழிப்பு நாளில் அடங்கிவிடுகிறது? விடை அதன் தோற்றத்தில் இருக்கிறது. டிரெஸ்டனின் ‘ஷ்ட்ரீட்செல்’ சந்தை 1434இல் சாக்சனி ஆட்சியாளர் இரண்டாம் பிரெடரிக் அளித்த உரிமையால் ஒருநாள் இறைச்சிச் சந்தையாகத் தொடங்கியது. நோன்பு முடிந்து விருந்து சமைக்கும் வீடுகளுக்கு வேண்டியதை வழங்குவதே அதன் பணி.

பிராக் இதனை இன்றும் கண்முன் காட்டுகிறது. விழாவுக்குச் சில நாட்களுக்கு முன் தெருமுனைகளில் நீர் நிரம்பிய பெரிய தொட்டிகளில் கெண்டை இன மீன்கள் வந்து இறங்கும். அவற்றில் பல, தென் பொகீமியக் குளங்களில் வளர்ந்தவை. வாங்குபவர் சுட்டும் மீனை விற்பவர் வலையால் அள்ளி, நிறுத்து, அங்கேயே வெட்டித் தருவார். உயிரோடு கொண்டுபோய் வீட்டுக் குளியல் தொட்டியில் விட்டு வைப்பவரும் உண்டு. அதன் செதில் ஒன்றைத் தட்டின் கீழ் வைத்து, பின் பணப்பையில் இட்டுக்கொண்டால் ஆண்டு முழுவதும் பணம் தங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தெருவில் தொடங்கும் செயல் மேசையில் முடிகிறது.

ஆகவே சந்தை மனைக்கு முன்னுறுப்பு. மனை விருந்து தொடங்கியதும் சந்தையின் முதன்மைப் பணி தீர்ந்துவிடுகிறது. டிரெஸ்டன் சந்தை 24 பிற்பகலில் கலைகிறது. செக் நாட்டில் பெருங்கடைகள் அன்று நண்பகலோடு மூட வேண்டும் என்பது சட்டம். போலந்தில் 2025 முதல் அந்நாளே பொது விடுமுறை. பிராக் சந்தை போலச் சில சனவரி வரை நீள்வதுண்டு. அது பயணிகளின் பொருட்டு வந்த பிற்கால நீட்டிப்பு எனக் கொள்வதே பொருந்தும்.

5. குழுவும் படிநிலைகளும்

மேற்கண்டவற்றால் பயணியின் குறை எது என்பது தெளிவு. மன்றவெளியும் வழிபாட்டுவெளியும் அவருக்குத் திறந்தவை. மனைவெளி ஒன்றே அடைபட்டது. தனியாகச் செல்பவர் 24 மாலை மூடிய கடைகளுக்கிடையே நிற்க நேரும். நண்பர் குழுவோ தனக்கென ஒரு மேசையை அமைத்துக்கொள்ள வல்லது. இதனை ‘ஆக்க மனை’ என்போம்: உறவால் அல்லாமல், உடன் உண்ணும் உறுதியால் ஓர் இரவுக்கு உருவாகும் வீடு.

அதற்குரிய படிகள் மூன்று. முதலாவது, அடுக்களை உள்ள வீடு ஒன்றை 23, 24, 25 ஆகிய இரவுகளுக்கு ஒரே நகரில் அமர்த்துதல். இரண்டாவது, 23ஆம் நாளுக்குள் உணவுப் பொருள் வாங்கி முடித்தல். மூன்றாவது, மற்ற நகரங்களை அந்நகருக்கு முன்னும் பின்னும் வரிசைப்படுத்துதல். சந்தைக்குச் சிறந்த டிரெஸ்டன் முன்னும், புத்தாண்டுக்குச் சிறந்த வியன்னா பின்னும் அமைவது இயல்பு. எல்பே ஆற்றங்கரை வழியே செல்லும் ரயிலில் டிரெஸ்டனிலிருந்து பிராக் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். நான்கும் ஷெங்கன் நாடுகள் ஆதலால், இந்தியப் பயணிக்கு ஒரே விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாணயம் மட்டும் மூன்று: யூரோ, கொருனா, ஸ்வாட்டி.

குழுவில் நம்பிக்கையுடையோரும் அல்லாதோரும் கலந்திருத்தல் இயல்பே. திருப்பலிக்குச் செல்வோர் செல்லலாம், மற்றோர் உறங்கலாம். 24 மாலை உணவில் மட்டும் அனைவரும் இருத்தல் வேண்டும்.

6. முடிபு

விழாப்பயணத்தின் நிறைவு எத்தனை நகரங்களைக் கண்டோம் என்பதைச் சார்ந்ததன்று. திருவிழிப்பு இரவில் எங்கே, யாருடன் உண்டோம் என்பதைச் சார்ந்தது. எனவே இப்பயணத்தை மேற்கொள்ள எண்ணுவோர், விமானச் சீட்டுக்கும் முன்னதாக அவ்விரவுக்குரிய வீட்டை உறுதிசெய்க.