மூன்றாண்டும் நான்காண்டும்: மலையகப் பட்டக்கல்வியின் காலக்கணக்கு

பட்டப்படிப்பைக் குறித்த காலத்துக்கு முன்னரே நிறைவு செய்தல் கூர்மதியின் அடையாளமாகப் பலராலும் போற்றப்படுகின்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், பாட அலகுகளை விரைந்து நிறைவு செய்யும் மாணவர் நான்காண்டுக் கல்வியை மூன்றாண்டில் முடித்துக்கொள்வதுண்டு. இலங்கையின் கலைப்பீடங்களில் இவ்வாய்ப்பு வேறொரு வடிவில் நிலவி வந்துள்ளது. பொதுப் பட்டத்துக்கு மூன்றாண்டும் சிறப்புப் பட்டத்துக்கு நான்காண்டும் என்பதே இங்கு வழங்கிவரும் மரபு. ஓராண்டு முந்தி வெளியேற வேண்டிய மாணவர் முன்னதைத் தெரிவர். ஹற்றன், நுவரெலியா ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் மாணவரைப் பொறுத்தவரை, இத்தெரிவின் பின்னணியில் மதிநுட்பத்தைவிட வரலாறே மேலோங்கி நிற்கின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்ட பின்னர் மலைநாடெங்கும் தோட்டங்கள் பெருகின. அங்கு குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் கடமையைச் சட்டம் தோட்டத் துரையிடம் ஒப்படைத்தது. 1907ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வியளிக்குமாறு பணித்தது. பத்து வயதுக்குப் பின் என்ன என்ற வினாவுக்கு அதில் விடையில்லை. ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள் என்றமைந்த தோட்டப் பாடசாலை, எழுத்தறிவின் வாயிலோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. அங்கிருந்து இடைநிலைக் கல்விக்குச் செல்ல நேர்வழி இருக்கவில்லை.

இதற்கு விதிவிலக்கானோரும் இருந்தனர். மலைநாட்டிற் பிறந்த பெரி சுந்தரம், கண்டி திரித்துவக் கல்லூரியிற் கற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று பட்டம் பெற்றார். 1931இல் ஹற்றன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபை புகுந்து, தொழில், கைத்தொழில், வாணிப அமைச்சராகவும் விளங்கினார். எனினும் அவரது பாதை நகரத்து ஆங்கிலக் கல்லூரியின் ஊடாகச் சென்ற பாதை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. லயத்தில் வாழ்ந்த பிள்ளைக்கு அப்பாதை எளிதில் எட்டாதது.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1942இல் நிறுவப்பட்டிருந்த இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனையில் நிலைகொண்டது. நாட்டின் ஏனைய பகுதிகளில் உழவர் வீட்டுப் பிள்ளைகளும் பட்டதாரிகளாகும் காலம் மலர்ந்தது. தோட்டப் பாடசாலைகளோ இந்த நீரோட்டத்துக்குப் புறத்தே விடப்பட்டன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியா செல்ல வேண்டியவராயினர். 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்க இணக்கம் காணப்பட்டது. எந்த நாட்டில் வாழப்போகின்றோம் என்று அறியாத குடும்பம் பிள்ளையின் பத்தாண்டு காலக் கல்வியை எவ்வாறு திட்டமிடும்? 1970களின் பிற்பகுதியிலேயே தோட்டப் பாடசாலைகள் பரவலாக அரசின் பொறுப்பில் வந்தன. ஆகவே இலவசக் கல்வியின் பயன் மலையகத்தை வந்தடைய ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தன. பட்டத்துக்குரிய மூன்றாண்டையும் நான்காண்டையும் கணக்கிடும்போது இம்முப்பது ஆண்டுகளையும் சேர்த்தே கணக்கிடுதல் தகும்.

பல்கலைக்கழகம் புகுந்த பின்னரும் காலம் மாணவர் வசப்பட்டதன்று. 1987 முதல் 1990 வரையான கிளர்ச்சிக் காலத்திற் பல்கலைக்கழகங்கள் நெடுநாள் மூடப்பட்டிருந்தமையால், அக்கால மாணவர் பட்டம் பெறப் பல ஆண்டுகள் மேலதிகமாகக் காத்திருந்தனர். 2020இற் பரவிய கொள்ளைநோயும் அத்தகைய தாமதத்தையே விளைவித்தது. வருவாயுள்ள வீடு இத்தாமதத்தைத் தாங்கிக்கொள்ளும். காலையில் பிரட்டுக்குச் சென்று பெயர் பதிந்தாலன்றி அன்றைய கூலி இல்லை என்னும் நிலையிலுள்ள வீட்டுக்கு, ஒவ்வொரு கூடுதல் ஆண்டும் தாய் கொழுந்துக் கூடை சுமக்கும் ஓராண்டாகும். 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் மாணவரின் செலவுக்கு உதவுவது; வீடு இழக்கும் வருவாயை அது ஈடுசெய்வதில்லை. எனவே மூன்றாம் ஆண்டிறுதியில் பட்டத்துடன் வெளியேறி ஆசிரிய நியமனம் தேடுதல் அறிவுடைய முடிவாகவே தோன்றுகின்றது. முதலில் ஆசிரியராகிப் பின்னர் 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்தின் வாயிலாகவோ வெளிவாரியாகவோ பட்டம் பெறுதல் மற்றொரு வழி. இவ்விரு வழிகளிலும் வந்தோரால் மலையகப் பாடசாலைகள் பெற்ற நன்மை சிறிதன்று.

ஆயினும் இவ்விரைவுக்கு விலையுண்டு. விரிவுரையாளர் பதவிக்கும் உயராய்வுக்கும் சிறப்புப் பட்டமே வழமையான வாயிலாகும். நான்காம் ஆண்டிலேயே மாணவர் ஆய்வுக்கட்டுரை எழுதி, மூலச் சான்றுகளைத் தேடிக் கற்கப் பழகுகின்றனர். அவ்வாண்டைத் துறப்பவர் பட்டத்தை இழப்பதில்லை. ஆராய்ச்சியின் தொடக்கத்தை இழக்கின்றார். அதனால் தோட்ட மக்களின் வரலாற்றை எழுதும் பணி பெரும்பாலும் பிறர் கைகளில் தங்கிவிடக்கூடும்.

மூன்றாண்டில் முடித்தவரைக் குறைகூறுதல் முறையன்று. அவர் ஒரு குடும்பத்தின் கடனைத் தீர்த்தவர். ஆனால் நான்காம் ஆண்டைத் தெரியும் உரிமை குடும்பத்தின் கூலிப் பதிவேட்டில் தங்கியிருத்தலும் முறையன்று. மலையக மாணவருக்கு அந்த ஓராண்டைத் தாங்கத்தக்க உதவியைச் சமூக நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் ஏற்படுத்துமாயின், விரைந்து முடித்தலும் நின்று கற்றலும் மெய்யான தெரிவுகளாக அமையும்.