லயத்துக் கொல்லை சொல்லும் வரலாறு

இன்று அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் நிறைந்து நிற்கும் சுபாங் ஜெயா, அன்று சீபீல்டு தோட்டம். ரப்பரும் செம்பனையும் அங்கே உலகச் சந்தைக்காக விளைந்தன. ஆனால் சிலாங்கூர்த் தோட்டங்களில், லயத்து வீடுகளின் பின்புறம், இன்னொரு விவசாயமும் சத்தமில்லாமல் நடந்தது. அதன் பயிர் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. வீட்டு அடுப்பில்தான் ஏறியது.

விற்பதற்கென்று அல்லாமல் வீட்டார் உண்பதற்கென்றே பயிரிடுவதுதான் தன்னிறைவு வேளாண்மை. நிலம் சிறியது, உழைப்பு குடும்பத்தாருடையது, உரம் மாட்டுச் சாணம், விதை சென்ற விளைச்சலில் எடுத்து வைத்தது. ஒரே பயிரை நம்பாமல் முருங்கை, வாழை, கீரை, மரவள்ளி என்று கலந்து நடுவார்கள். ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். தோட்டத்து மக்கள் அரிசியைக் காசு கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆயினும் இந்தக் குணங்கள் யாவும் அவர்களது கொல்லையில் இருந்தன.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. அதாவது சுமார் 2,700 சதுர அடி. இது வெறும் கருணையா? இல்லை. காயும் பாலும் வீட்டிலேயே கிடைத்ததால் குறைந்த கூலியிலும் குடும்பம் ஓடியது. கொல்லை தொழிலாளியின் வயிற்றைக் காத்தது. முதலாளியின் கணக்கையும் காத்தது.

அதன் உண்மையான அருமை ஜப்பான் காலத்தில் (1942-45) தெரிந்தது. போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளிநாடுகளிலிருந்து வாங்கியது. அந்த வரத்து குறைந்ததும் மரவள்ளிக்கிழங்கே சோறானது. ஆண்கள் பலர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட, மண்ணைக் கொத்திப் பிள்ளைகளைக் காத்தவர்கள் பெண்கள்.

1976இல் சீபீல்டு மண்ணில் நகர நிர்மாணம் தொடங்கியது. இப்படித் தோட்டம் நகரமாகும்போது, லயத்தோடு கொல்லையும் மாட்டுக் கொட்டகையும் போய்விடும். தலைமுறைகளாகப் பயிரிட்டவர்களிடம் நிலத்துக்குப் பட்டா இல்லை. வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் அடுக்குமாடி வீட்டில் கீரைக் கட்டுக்கும் காசு வேண்டும்.

சீபீல்டு என்ற பெயரைத் தமிழ்ப்பள்ளி இன்றும் தாங்கி நிற்கிறது. கொல்லைக்கோ அடையாளமே இல்லை. உழைத்தவனுக்கு உரிமையில்லாத நிலம், எத்தனை காலம் சோறு போட்டாலும், ஒருநாள் கைவிட்டுப் போகும் என்பதே அது விட்டுச் சென்ற பாடம்.