ஒன்றரைச் சுற்று

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று இருமும். ஒருமுறை, இரண்டு முறை. மூன்றாவது இருமலுக்குள் இடது கை தானாகக் கீழே இறங்கி, டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பைத் தேடிப் பிடித்துத் திருப்பிவிடும். வண்டி பழையபடி ஓடும். பின்னால் உட்கார்ந்திருப்பவரிடம், 'ரிசர்வ் விழுந்துடுச்சு' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

பழைய புல்லட், யெஸ்டி, ராஜ்தூத் ஓட்டியவர்களுக்கு இது மறந்திருக்காது. அந்த டேப்புக்கு மூன்று நிலைகள். ஆன், ஆஃப், ரிசர்வ். ரிசர்வுக்கென்று டேங்குக்குள் தனி அறை இருப்பதாக நினைப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. கிடையாது. ஒரே டேங்க், ஒரே பெட்ரோல். டேப்பிலிருந்து டேங்குக்குள் ஒரு குட்டிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். 'ஆன்' என்றால் அதன் உச்சி வழியாகத்தான் பெட்ரோல் இறங்கியாக வேண்டும். மட்டம் அதற்குக் கீழே போனால் இருமல். 'ரிசர்வ்', அடியில் இருக்கும் இன்னொரு துளையைத் திறந்துவிடும். முள் கிடையாது, விளக்கு கிடையாது. புவியீர்ப்பு விசையை மட்டும் நம்பி ஓர் எச்சரிக்கை மணி! பங்க்கில் பெட்ரோல் போட்டதும் ஞாபகமாக 'ஆன்'னுக்குத் திருப்பிவிட வேண்டும். மறந்தால் அடுத்த இருமலுக்கு டேங்க் காலி. தள்ளிக்கொண்டு போகவேண்டியதுதான்.

சரி, டேப்பைத் தாண்டிய பெட்ரோல் எங்கே போகிறது? கார்புரேட்டருக்கு. கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெட்ரோல் எரிய வேண்டுமென்றால் ஆவியாகிக் காற்றோடு கலந்தாக வேண்டும். 1885ல் ஜெர்மனியில் டெய்ம்லரும் மேபாக்கும் பெட்ரோலில் ஓடும் இரு சக்கர வண்டியைச் செய்தபோது, பெட்ரோலின் மேல்பரப்பில் காற்றைத் தவழவிட்டு ஆவியைப் பிடித்தார்கள். சுமாராகத்தான் வேலை செய்தது. 1893ல் மேபாக் வழியை மாற்றினார். மெல்லிய துளை வழியாகப் பெட்ரோலைக் காற்றில் தெளிப்பது. அதே வருடம் புடாபெஸ்ட் நகரத்தில் பாங்கி, சோங்கா என்று இரண்டு பேர் இதே யோசனையோடு நின்றார்கள். ஒரு பூக்காரப் பெண் குழாயை வாயில் வைத்து ஊதிப் பூக்களுக்குத் தண்ணீர் தெளித்ததைப் பார்த்துத்தான் அவர்களுக்குப் பொறி தட்டியதாக ஒரு கதை சொல்வார்கள். கதையோ, நிஜமோ, தத்துவம் அதுதான். குறுகலான பாதையில் காற்று வேகமெடுக்கும். அழுத்தம் குறையும். பக்கத்துத் துளையிலிருந்து திரவம் தானாக வெளியே வந்து பொடிப்பொடியாகச் சிதறும்.

எவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு காற்று? ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். நமக்குப் புரிகிற கணக்கில், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. பெட்ரோலுக்குக் காசு கொடுக்கிறோம். காற்றுக்கு பில் வருவதில்லை. இந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விகிதத்தை எது தீர்மானித்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு ஸ்க்ரூ டிரைவர். இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, மெக்கானிக் ஏர் ஸ்க்ரூவை மெதுவாகக் கடைசிவரை மூடுவார். ஒன்றரைச் சுற்று திறப்பார். அங்கிருந்து அப்படியும் இப்படியும் கொஞ்சம் திருகி, இன்ஜின் எந்த இடத்தில் சீராகத் துடிக்கிறதோ அங்கே நிறுத்துவார். மீட்டரெல்லாம் இல்லை. காதுதான். சந்தேகமிருந்தால் ப்ளக்கைக் கழற்றிப் பார்ப்பார். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். காப்பித்தூள் நிறம் வந்தால் பாஸ்.

ஆனால் இந்த ஸ்க்ரூவின் அதிகாரம், வண்டி நின்றபடி உறுமும்போதும் ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகும்போதும் மட்டும்தான். நடு வேகத்தில் ஊசியின் ராஜ்ஜியம். முழு வேகத்தில் மெயின் ஜெட். 'மைலேஜ் கொஞ்சம் ஏத்திக் குடுங்கண்ணே' என்று கேட்டால், ஊசியில் இருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாட்டுவார். ஊசி கீழே இறங்கும். பெட்ரோல் குறையும். அளவு மீறினால் இன்ஜின் கொதிக்கும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வண்டியென்றால், பெட்ரோலோடு சேர்ந்து ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எதிர்ப்பக்கமும் உண்டு. பிக்கப் வேண்டுமென்று பெட்ரோலை அதிகமாக்கினால், பாதி எரிந்ததெல்லாம் கார்பன் மோனாக்சைடாகத் தெருவுக்கு வரும்.

ஒருத்தர் செய்தால் பரவாயில்லை. ஊரே செய்தால்?

அமெரிக்கா 1978 மாடல் மோட்டார் சைக்கிள்களிலிருந்து புகைக்கு வரம்பு வைத்தது. கம்பெனிகள் என்ன செய்தன தெரியுமா? அந்த ஸ்க்ரூவின் வாயைப் பித்தளை மூடி போட்டு அடைக்க ஆரம்பித்தன. ஓட்டுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? டிரில் போட்டு மூடியைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி திருகினார்கள். சட்டத்துக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் நேரடிச் சண்டை.

இந்தியாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 1991ல் முதல் புகை விதிகள் வந்தன. வருடம் ஏற ஏற விதியும் இறுகியது. 2020 ஏப்ரல் 1ம் தேதி பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. புகைக்குழாயில் ஒரு சென்ஸார், உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர், பெட்ரோலை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர் என்று அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. பெட்ரோலைத் தள்ளிவிட பம்ப் வந்ததால், புவியீர்ப்பை நம்பியிருந்த அந்த டேப்புக்கும் வேலை போய்விட்டது.

வருத்தமாக இருக்கிறதா? கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். காதாலேயே இன்ஜினைப் படித்த ஒரு தலைமுறையின் வித்தை அது. ஆனால் வித்தை தெரிந்த கை, வண்டிக்காரரின் பர்ஸுக்குத்தான் பதில் சொன்னது. அந்த 9,000 லிட்டர் காற்றுக்குப் பதில் சொல்ல யாருமில்லை. கம்ப்யூட்டர் வந்தது அதற்குத்தான்.

வீட்டில் பழைய வண்டி இன்னும் நிற்கிறதா? அடுத்த முறை ட்யூன் செய்யக் கொடுக்கும்போது, மைலேஜும் வேண்டாம், பிக்கப்பும் வேண்டாம், ப்ளக்கில் காப்பித்தூள் நிறம் வந்தால் போதும் என்று சொல்லிப்பாருங்கள். மெக்கானிக் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை.