உங்வொன்போங்

தென்கொரிய கே-பாப் ரசிகர்கள் இசை நிகழ்ச்சிகளில் ஏந்தும் ஒளிக்கோல். கொரிய மொழியில் ‘உங்வொன்’ என்றால் உற்சாகப்படுத்துதல். ‘போங்’ என்றால் கோல்.

1990களின் பிற்பாதியில் இதன் இடத்தில் பலூன்கள் இருந்தன. எச்.ஓ.டி. குழுவின் ரசிகர்களுக்கு வெள்ளை, ஜெக்ஸ்கிஸ் குழுவின் ரசிகர்களுக்கு மஞ்சள். அரங்கில் எந்த நிறம் ஓங்குகிறது என்பது மானப் பிரச்சினை. குழுவுக்கென்று தனி வடிவக் கோல் என்ற வழக்கம் வேரூன்றியதில் பிக்பேங் குழுவின் மஞ்சள் கிரீடத்துக்குப் பெரும் பங்குண்டு. பிளாக்பிங்க்குக்குச் சுத்தியல், மாமாமூவுக்கு முள்ளங்கி. கொரிய மொழியில் முள்ளங்கிக்கு ‘மூ’ என்று பெயர். அந்தச் சிலேடைதான் காரணம், வேறொன்றுமில்லை.

பி.டி.எஸ். குழுவின் ‘ஆர்மி பாம்ப்’ 2015இல் வந்தது. இன்றைய கோல்கள் பலவும் புளூடூத் வழி கைப்பேசியோடு இணைபவை. கைப்பேசிச் செயலியில் இருக்கை எண்ணைப் பதிந்துவிட்டால், நிறத்தையும் மினுக்கத்தையும் அரங்கக் கட்டுப்பாட்டு மேசையே பார்த்துக்கொள்ளும். ரசிகர் கையில் எஞ்சுவது அசைக்கும் உரிமை மட்டுமே.

ஒளியை மறுப்பதும் இந்தப் பண்பாட்டில் ஒரு பேச்சுதான். 2008 ட்ரீம் கான்செர்ட் இசை நிகழ்ச்சியில் கேர்ள்ஸ் ஜெனரேஷன் குழு பாடியபோது பிற குழுக்களின் ரசிகர்கள் கோல்களை அணைத்து அமைதி காத்தனர். ‘கறுப்புக் கடல்’ என்று அது இன்றும் நினைவுகூரப்படுகிறது. அதே குழுவின் 2007ஆம் ஆண்டு முதல் பாடலை, 2024 டிசம்பரில் அப்போதைய அதிபர் யூன் சுக் யோலின் ராணுவச் சட்ட அறிவிப்பை எதிர்த்துத் திரண்டவர்கள் நாடாளுமன்றத்தின் முன் பாடினார்கள். கைகளில் மெழுகுவர்த்திகளோடு பல குழுக்களின் கோல்களும் கலந்திருந்தன.