புத்தளக் கரையில் உளநோயும் மருந்தும்

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள், விடுதலைப் புலிகளின் கட்டளையால், பிறந்த மண்ணை விட்டு வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. மன்னார்ப் பகுதியினர் பலர் வள்ளமேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். ஏறக்குறைய 75,000 பேரான இம்மக்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திற் கிடுகுக் கொட்டில்களில் தஞ்சம் புகுந்தனர். விரைவில் ஊர் திரும்பலாம் என்று வந்தவர்கள் இருபது ஆண்டுகளை அங்கேயே கழித்தனர்.

அவர்களின் உளநிலையை அறிய, 2011 ஆம் ஆண்டளவில் செஸ்மல் சிறிவர்தன என்னும் ஆய்வாளரும் அவரைச் சார்ந்தோரும் 450 பேரை விசாரித்தனர். ஏறத்தாழ ஐவருள் ஒருவரிடம் பொதுவான உளநோய்கள் காணப்பட்டன. மனச்சோர்வு நூற்றுக்கு ஐவர் அளவில் இருக்க, உடல் உபாதையாக வெளிப்படும் நோயோ நூற்றுக்குப் பதினால்வரிடம் இருந்தது. துயரத்தைத் துயரமென்று சொல்லாது, தலையிடி என்றும் நெஞ்சடைப்பு என்றும் கைகால் உளைவு என்றும் சொல்லும் வழக்கம் நேயர்கள் அறியாததன்று. இத்தகையோருக்கு மருந்து கொடுத்தால், அது பலித்ததா என்பதை எவ்வாறு அறிவது?

இவ்வினா மருந்தோடு உடன்பிறந்தது. 1956 ஆம் ஆண்டிற் சுவிற்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் வைத்தியசாலையில் றோலண்ட் கூன் இமிப்பிறமினின் குணத்தைக் கண்டபோது, அவரிடம் அளவுகோல் எதுவும் இருக்கவில்லை. நோயாளரோடு பேசினார், முகத்தைக் கவனித்தார், அவ்வளவே. 1960 இல் மாக்ஸ் ஹமில்ற்றன் என்பார் பதினேழு குறிகளைக் கொண்ட மதிப்பீட்டு முறையொன்றை வெளியிட்டார். வைத்திய உலகம் அதனை விரும்பி ஏற்றது. எனினும் அதில் ஒரு சிக்கல் உண்டு. அப்பதினேழில் மூன்று உறக்கத்தைப் பற்றியவை. மொத்தப் புள்ளிகள் 52 இல் ஆறு அவற்றுக்குரியவை. உறக்கம் தரும் மருந்தொன்றை உண்டவர், உள்ளம் சிறிதும் தேறாமலே, கணக்கிற் குணமடைந்தவராகத் தோன்றலாம். மறுபுறம், இமிப்பிறமின் வாயை உலர்த்தும், மலச்சிக்கலை உண்டாக்கும். ஏற்கெனவே உடலைப் பற்றி முறையிடுபவரிடம் இவை புதிய நோயா, மருந்தின் வினையா என்று பிரித்தறிதல் எளிதன்று. எண்ணை நம்பி மனிதரைப் பாராதிருத்தல் இங்கே பெரும் பிழையாகும்.

காலமும் முக்கியம். மனம் தேறப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம் செல்லும். சிலருக்கு அதனினும் கூடும். முதல் வாரத்திற் பலனில்லை என்று மருந்தை நிறுத்துவோர் பலர். இளவயதினரிடம் தொடக்க நாள்களில் தற்கொலை எண்ணம் மிகக்கூடும் என 2004 இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் சிறுவரைக் குறித்து எச்சரித்தது. 2007 இல் அவ்வெச்சரிக்கை 24 வயது வரை நீண்டது. 1995 அளவில் உலகின் மிக உயர்ந்த தற்கொலை விகிதங்களுள் ஒன்றைக் கண்ட இலங்கையில் இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆகவே அவ்வாரங்களில் வைத்தியர் நோயாளியை மீண்டும் மீண்டும் காணல் வேண்டும். வீட்டாரையும் வினாவுதல் வேண்டும்.

புத்தளத்தில் இதற்கு இடையூறாக நின்றது இடப்பெயர்வே. 2009 இற் போர் முடிந்தபின் சிலர் வடக்கே மீண்டனர், பலர் தங்கினர், இரண்டிடத்தும் மாறிமாறி வாழ்ந்தோரும் உளர். ஒரு வைத்தியர் தொடங்கிய மருந்தை வேறோர் ஊரில் வேறொரு வைத்தியர் பார்க்க நேரும்போது, அவருக்கு முன்னைய நிலையைச் சொல்வது நோயாளி கொண்டுவரும் மருந்துத் துண்டு ஒன்றே.