கங்கைகொண்டானும் வெள்ளக்கடையும்: மாணவர் ஆய்வுப் பொருளின் வரலாறு

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக 1915இல் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். மாணவர்களின் சமூக ஆய்வுக்கு ஏற்ற பொருள் எது என்ற கேள்விக்கு அவர் கண்ட விடை, அவரவருக்குப் பழக்கமான ஊர் என்பதே. ஒரே வரிசையில் கேள்விகளைத் தொகுத்த வினாநிரல் ஒன்றை அவர் உருவாக்கினார். 1916இல் மாணவர்கள் விடுமுறையில் அதனை ஊருக்கு எடுத்துச் சென்று, நிலம் யாரிடம் இருக்கிறது, கூலி எவ்வளவு, கடன் யாருக்கு, மாடு எத்தனை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதினர். அவர்கள் திரட்டியவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவற்றைத் தென்னிந்தியக் கிராமங்கள் சில பற்றிய நூலாக ஸ்லேட்டர் 1918இல் வெளியிட்டார். ஏறத்தாழ அதே காலத்தில் புனே வேளாண் கல்லூரியில் ஹெரால்ட் மேன் தக்காணத்துக் கிராமம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஊரை நேரில் சென்று அளந்து அறிய வேண்டும் என்ற எண்ணம் அப்போது இந்தியாவில் வேரூன்றத் தொடங்கியிருந்தது.

அந்த நூலில் இடம்பெற்ற ஐந்து தமிழ் ஊர்கள் பின்னாளில் பெரும்புகழ் பெற்றன. திருநெல்வேலிப் பகுதியின் கங்கைகொண்டான், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, வடார்க்காட்டுத் தூசி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு ஆகிய ஐந்துக்கும் 1936-37இல் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் தலைமையில் மறுஆய்வு நடைபெற்றது. மறுஆய்வு என்பது முன்பு ஆராய்ந்த ஊருக்கே திரும்பச் சென்று, இடைப்பட்ட ஆண்டுகளில் எது மாறியது, எது மாறவில்லை என்று ஒப்பிட்டு அறியும் முறையாகும். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில் எஸ். குகன் போன்றோர் மீண்டும் சென்றனர்; இருவேல்பட்டைப் பற்றிய ஆய்வு 2008 வரை நீண்டது. விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் ஒரு நூற்றாண்டின் உழவு, சாதி, கூலி ஆகியவற்றின் வரலாற்றுக்கே அடித்தளமாயின என்பது தமிழகக் கல்வி வரலாற்றில் மிகுந்த மதிப்புக்குரிய செய்தி.

ஆயினும் இந்த ஐந்தும் சமவெளி ஊர்கள். பொருளியல் படிக்கும் அளவுக்குப் பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்ப வசதி பெற்றிருந்தவை பெரும்பாலும் நிலமுடைய, எழுத்தறிந்த குடும்பங்களே ஆதலால், தெரிந்த ஊரை எடுத்துக்கொள்ளும் முறை அத்தகையோர் வாழ்ந்த ஊர்களுக்கே வாய்ப்பளித்தது. சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையிலுள்ள வெள்ளக்கடை போன்ற ஓர் ஊருக்கு அந்த வினாநிரல் சென்றடைய அன்று வழியில்லை.

இம்மலையின் பழங்குடியினரான மலையாளிகளைப் பற்றி எவரும் எழுதவில்லை என்று இதற்குப் பொருளில்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், 1909இல் வெளியான தமது ஏழு தொகுதி நூலில் அவர்களைப் பற்றி விரிவாகவே எழுதினார். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று உடன்பிறந்தாரில் பெரியண்ணன் சேர்வராயனிலும் மற்ற இருவர் பச்சைமலை, கொல்லிமலைகளிலும் குடியேறினர் என்னும் மரபுக்கதையும், திருமண வழக்கங்களும், பட்டக்காரர் முதலிய தலைவர்களின் அதிகாரமும் அத்தகைய நூல்களில் மீண்டும் மீண்டும் வந்தன. ஸ்லேட்டரின் நூல் வெளியான அதே 1918இல் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட விவரச்சுவடியும் வெளிவந்தது. சமவெளி உழவரிடம் கடனையும் கூலியையும் கேட்ட அதே காலத்தில், மலை மக்களிடம் முதன்மையாகக் கேட்கப்பட்டவை பிறப்புக்கதையும் சடங்கும் தான். இந்த வேறுபாடு மக்களின் இயல்பிலிருந்து எழுந்ததன்று. கேட்டவர்கள் யார், எதற்காகக் கேட்டார்கள் என்பதிலிருந்து எழுந்தது.

பொருளியல் கேள்விகளுக்கு இம்மலையில் குறைவே இருக்கவில்லை. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பியை இங்குக் கொண்டுவந்ததிலிருந்து, தோட்டங்கள் மலைச்சரிவுகளில் பரவின. தோட்டக்காரர் நெருங்கி வந்தபோது மலையாளிகளின் ஊர்களைச் சுற்றி நிலத்துக்கு எல்லை வகுத்துக் காக்க வேண்டிய தேவை அரசுக்கே ஏற்பட்டது. பின்னர் மேட்டூரில் அமைந்த மெட்ராஸ் அலுமினியம் நிறுவனத்துக்காக இம்மலையின் ஏற்காட்டுப் பகுதியிலும் பாக்சைட் தாது வெட்டியெடுக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் மூன்றரை இலட்சம் பேருக்கு மேல் கொண்டு, மலையாளிகள் தமிழ்நாட்டின் மிகப் பெரிய பழங்குடியாக விளங்கினர்.

மலையூர்களில் பொருளியல் கேள்விகள் கேட்கப்படாத நிலையை மாற்றக்கூடிய ஒரு நிகழ்வு, மாணவர் ஆய்வு பள்ளி அளவுக்கு இறங்கிவந்தது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுக்களாகத் தம் சுற்றுப்புறத்துச் சிக்கல் ஒன்றையே ஆய்வுப் பொருளாக்குகின்றனர். சென்னைக் கல்லூரி வரை சென்றவருக்கு மட்டும் அன்று கிடைத்த வாய்ப்பு, இதனால் மலையூர்ப் பள்ளி மாணவருக்கும் எட்டுகிறது. பொருள் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ‘பழங்குடியினர் வாழ்க்கை’ என்ற தலைப்பைக் காட்டிலும், ஓர் ஊரின் முப்பது வீடுகளில் கேட்டு முடிக்கக்கூடிய ஒரே கேள்வி நல்ல ஆய்வைத் தரும். சாமையும் கேழ்வரகும் விதைத்த நிலத்தில் இன்று காப்பி, மிளகு, சில்வர் ஓக் ஆகியவற்றுக்கு எவ்வளவு பங்கு போயிருக்கிறது, கூலிக்கு யார் எங்கே செல்கிறார், பணமுடையில் யாரிடம் கடன் வாங்குகிறார் என்பவற்றுள் ஒன்றை எடுத்து, தாத்தா, தந்தை, தான் என மூன்று தலைமுறையினரிடம் கேட்டு நாளும் வீடும் குறித்து எழுதிவைக்கும் வெள்ளக்கடை மாணவர், இருவேல்பட்டுக்கு 1916இலேயே கிடைத்த முதற்பதிவைத் தம் ஊருக்கு உண்டாக்குகிறார். இருபது ஆண்டுகளுக்குப் பின் மறுஆய்வுக்கு வருபவர் அந்த ஏட்டிலிருந்தே தொடங்க முடியும்.